கடல் தாண்டினால் சிக்னல் எங்கே போகிறது?

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு. கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, கவிதை மூட்டை மூட்டையா வந்து கெடக்குது" என்று மலர்க்குழுவில் கேட்டுக்கொண்டார்கள். எனக்குக் கவிதை வராது. எங்கள் வீட்டில் நடந்த ஒரு கதை இருக்கிறது. அதற்குள் நாம் மூன்று ஆண்டுகளாகப் படிக்கிற பாடமும் இருக்கிறது. அதையே எழுதுகிறேன், நண்பர்களே!

நான் மின்னணு மற்றும் தொடர்பியல் துறை இறுதியாண்டு மாணவி. ஊர் மணலி புதுநகர். அப்பா கன்டெய்னர் யார்டில் லோடுமேன். அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. பத்தாம் வகுப்பைத் தாண்டியது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். அதனால் வீட்டில் போன் கெட்டாலும் நான்தான் பார்க்க வேண்டும், டி.வி. கெட்டாலும் நான்தான் பார்க்க வேண்டும். "எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, இது கூடத் தெரியாதா?" என்று அம்மா கேட்கும் கேள்விக்கு எந்த செமஸ்டரிலும் விடை இல்லை!

என் அக்காவின் கணவரை மாமா என்று அழைப்பேன். அவர் சாரம் கட்டுபவர். ஸ்காஃபோல்டர் என்றால்தான் கம்பெனிக்காரர்களுக்குப் புரியும். மணலிப் பக்கம் ஆலைகளில் 'ஷட் டவுன்' வந்தால் இரவும் பகலும் வேலை இருக்கும். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். 2024 பிப்ரவரியில் அவருக்கு அபுதாபியில் எழுபத்தைந்து நாள் ஷட் டவுன் வேலை கிடைத்தது. அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். "போயிட்டு வந்துடறேன், பிரசவத்துக்குத் துட்டு வேணும்ல" என்று சொல்லிவிட்டு மாமா விமானம் ஏறினார். இறங்கியதும் போன் பண்ணுவதாகப் பேச்சு.

போன் வரவில்லை. அன்று இரவு வரவில்லை, மறுநாள் பகலும் வரவில்லை. நாங்கள் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. அனுப்பிவைத்த ஏஜென்ட்டோ எடுக்கவே இல்லை. அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். 2023 டிசம்பர் புயலில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்து, கரண்ட் போய், டவரும் செத்துப்போன போது நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று தெரியாமல் ஊரிலிருந்த சித்தி அழுதாளாம். அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

முப்பது மணி நேரம் கழித்து யாரோ ஒருவருடைய போனிலிருந்து மாமா பேசினார். நடந்தது இதுதான். விமான நிலையத்தில் அவரை அழைத்துப்போக வரும் ஆளின் பெயரும் நம்பரும் வாட்ஸ்அப்பில் வந்திருந்த ஒரு படத்தில் இருந்தது. அந்தப் படத்தை மாமா இங்கே இறக்கிவைக்கவில்லை. அங்கே இறங்கியதும் நெட் இல்லை. விமான நிலையத்தில் வைஃபை இருந்திருக்கிறது, அதில் எப்படி நுழைவது என்று அவருக்குத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கக் கூச்சம். ஐந்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, கடைசியில் ஒரு மலையாளி அண்ணன் உதவியால் கேம்ப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"சிக்னல் கட்டை ஃபுல்லா இருந்துச்சு பாப்பா. ஆனா நெட்டு வரல. அது ஏன்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது, முதலாம் ஆண்டு. பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்.

சிம் கார்டு என்ன வேலை செய்கிறது?

சிம் கார்டில்தான் நம் போன் நம்பர் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் போன் நம்பர் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சிம்முக்குள் முக்கியமாக இருப்பவை இரண்டு. ஒன்று, 'இம்சி' எனப்படும் பதினைந்து இலக்க எண். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405. இலங்கைக்கு 413, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 424, சிங்கப்பூருக்கு 525. அடுத்த இலக்கங்கள் எந்தக் கம்பெனி என்பதையும், மிச்சம் எந்த வாடிக்கையாளர் என்பதையும் சொல்லும்.

இரண்டாவது, 128 பிட் நீளமுள்ள ஒரு இரகசியச் சாவி. இந்தச் சாவி சிம்மிலும் கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் மட்டும்தான் இருக்கும். 128 பிட் என்றால் மொத்தம் எத்தனை சாவிகள் சாத்தியம் என்று கணக்குப் போட்டால் முப்பத்தொன்பது இலக்கத்தில் ஒரு எண் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்துவிடலாம் என்று யாரும் ஆசைப்பட முடியாது.

போனை ஆன் செய்ததும் டவருக்கும் சிம்முக்கும் ஒரு சின்னத் தேர்வு நடக்கிறது. நெட்வொர்க் ஏதோ ஒரு எண்ணை அனுப்பும். சிம் அந்த எண்ணையும் தன் சாவியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். அதே கணக்கைக் கம்பெனி கம்ப்யூட்டரும் போட்டு வைத்திருக்கும். இரண்டு விடையும் ஒன்றானால் "வா உள்ளே". உதாரணத்துக்கு, என் சாவி 7 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 12 அனுப்பினால் நான் பெருக்கி 84 என்பேன். நிஜக் கணக்கு இவ்வளவு லேசானதல்ல; விடையைப் பார்த்துச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாத மாதிரி அமைத்திருக்கிறார்கள். சாவி ஒருமுறை கூட காற்றில் பறப்பதில்லை என்பதுதான் இதில் அழகு. இதை வகுப்பில் சார் நடத்திய அன்று எனக்கு மதியச் சாப்பாடு மறந்துவிட்டது!

உலகின் முதல் சிம் கார்டுகளை 1991இல் ஜெர்மனியின் கீசெக் அண்ட் டெவ்ரியன்ட் என்ற கம்பெனி செய்து, பின்லாந்தின் ரேடியோலின்யா என்ற போன் கம்பெனிக்குக் கொடுத்தது. அப்போது சிம் என்பது ஏ.டி.எம். கார்டு அளவு! பிறகு 25க்கு 15 மில்லிமீட்டர் ஆகி, 15க்கு 12 ஆகி, இப்போதைய நானோ சிம் 12.3க்கு 8.8 மில்லிமீட்டர். இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசியதே முதல் செல்போன் பேச்சு. நம் சென்னையில் முதலில் வந்தவை ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்ற இரண்டு கம்பெனிகள். அந்தக் காலத்தில் நமக்கு வருகிற காலுக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும். 2003இல்தான் அது நின்றது. "செல்லு வெச்சிருந்தவன் போன் அடிச்சா பயப்படுவான்" என்று அப்பா சிரிப்பார்.

ரோமிங் என்ற கேட் பாஸ்

மாமாவுக்குப் புரிய வைக்க நான் கண்டுபிடித்த உதாரணத்தையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆலைக்குள் நுழைய வேண்டுமானால் கான்ட்ராக்டர் கொடுத்த கேட் பாஸ் வேண்டும். ஒரு ஆலையின் பாஸை எடுத்துக்கொண்டு இன்னொரு ஆலையின் கேட்டுக்குப் போனால் செக்யூரிட்டி விடமாட்டார். ஆனால் அந்த ஆலைக்கும் உங்கள் கான்ட்ராக்டருக்கும் ஒப்பந்தம் இருந்தால்? செக்யூரிட்டி போன் போட்டு, "இந்த ஆளு உங்க ஆளா? வேலைக்கு அனுப்பினீங்களா?" என்று கேட்பார். அவர் "ஆமாம்" என்றால் உள்ளே விடுவார். எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்று எழுதிக்கொண்டு, பில்லை உங்கள் கான்ட்ராக்டருக்கு அனுப்புவார். கான்ட்ராக்டர் தன் பங்கையும் சேர்த்து உங்கள் கூலியில் பிடிப்பார்.

ரோமிங் அப்படியே இதுதான். அபுதாபியில் மாமா போனை ஆன் செய்ததும் அங்குள்ள டவர் 404 என்ற எண்ணைப் பார்த்து, இது இந்திய சிம் என்று தெரிந்துகொண்டு, கடல் தாண்டி இங்குள்ள கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கேட்கும். இங்கே மாமாவின் கணக்கில் வெளிநாட்டு ரோமிங் வசதி போடவில்லை என்றால் "எங்க ஆளுதான், ஆனா விடாதீங்க" என்று பதில் போகும். சிக்னல் கட்டை முழுசாகத் தெரியும். ஆனால் உள்ளே விடமாட்டார்கள். கட்டை என்பது டவரின் ரேடியோ அலை எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவே. கேட்டுக்கு வெளியே நின்றாலும் ஆலை நன்றாகத்தான் தெரியும், இல்லையா?

இன்னொரு சங்கதி. தனுஷ்கோடிப் பக்கம் போனவர்களின் போனில் இலங்கை நெட்வொர்க் வந்து "வரவேற்கிறோம்" என்று மெசேஜ் விழுவது உண்டு. ரேடியோ அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. அந்த நேரம் டேட்டா ரோமிங் ஆனில் இருந்தால், ராமேஸ்வரம் சுற்றுலாவிலேயே வெளிநாட்டுக் கணக்கு ஏறிவிடக் கூடும். நம் ஊர்க்காரர்கள் டூர் போகும்போது கவனிக்கவும்!

ரோமிங்கில் நெட் மட்டும் ஏன் வேறு மாதிரி? பொதுவாக, நாம் அபுதாபியில் உட்கார்ந்து ஒரு படத்தைத் திறந்தால், அந்தத் தகவல் நேராக அங்கிருந்தே வெளியே போவதில்லை. முதலில் நம் சொந்தக் கம்பெனியின் இந்தியக் கம்ப்யூட்டருக்கு வந்து, அங்கிருந்து இன்டர்நெட்டுக்குப் போய், திரும்ப அதே வழியில் வரும். மணலியிலிருந்து திருவொற்றியூர் போக செங்கல்பட்டு சுற்றிப் போகிற மாதிரி. இரண்டு கம்பெனி, நடுவில் கடத்திவிடும் கம்பெனிகள், எல்லோருக்கும் பங்கு. பேக் போடாமல் போனால் காசு பறப்பதற்குக் காரணம் இதுதான்.

மாமாவின் காணாமல் போன சிம்

மாமா கேம்ப்பில் சேர்ந்த இரண்டாம் நாள் ஒரு உள்ளூர் சிம் வாங்கினார். அவர் போனில் இரண்டு சிம் போடலாம். ஆனால் இரண்டாவது இடத்தில் மெமரி கார்டு இருந்தது. எம்.ஜி.ஆர். பாட்டு முழுக்க அதில்தான். ஆகவே இந்திய சிம்மைக் கழற்றி, பேப்பரில் மடித்து, பர்ஸில் வைத்தார். பத்து நாளில் அது காணோம். நகத்தளவு பொருள், கேம்ப் கட்டில் இடுக்கில் தேடினால் கிடைக்குமா?

சிம்தானே, போனால் போகட்டும் என்று நாங்களும் நினைத்தோம். சம்பளம் வந்தபோதுதான் வினை தெரிந்தது. சம்பளம் மாமாவின் இந்திய பேங்க் கணக்கில் விழுந்துவிட்டது. அதை அக்கா கணக்குக்கு அனுப்ப ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. தொலைந்த சிம்முக்குப் போகிறது. ஏ.டி.எம். கார்டு மாமா கையில் இருந்தது; ஆனால் நம் ஊர்க் கார்டுகளில் வெளிநாட்டு உபயோகம் நாமாகத் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். திறக்கவும் ஓ.டி.பி.! டூப்ளிகேட் சிம் வாங்கலாமென்றால் சொந்தக்காரர் நேரில் வர வேண்டும். பணம் பேங்க்கில் இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம், தொட முடியாது. அக்கா காதில் கிடந்ததை அடகு வைத்துத்தான் பிரசவத்துக்குப் போனாள். மாமா திரும்பி வந்து புது சிம் வாங்கும்வரை அதை மீட்க முடியவில்லை.

இதோடு இன்னொரு விதியும் உண்டு. தொண்ணூறு நாள் பேச்சோ மெசேஜோ நெட்டோ எதுவுமே இல்லாமல் ஒரு பிரீபெய்டு நம்பர் கிடந்தால் கம்பெனி அதை நிறுத்திவிடலாம். இருப்பில் இருபது ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு முப்பது நாள் நீட்டிப்பார்கள். மாமா எழுபத்தைந்தாம் நாள் வந்துவிட்டார், நம்பர் தப்பியது.

ஆக வெளிநாடு போகிறவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு தேவை: இறங்கியதும் நெட் வேண்டும், இந்திய நம்பரும் உயிரோடு இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் இ-சிம் வருகிறது.

இ-சிம் என்றால் என்ன?

இதில் 'இ' என்பது எலக்ட்ரானிக் அல்ல, 'உள்ளே பதிக்கப்பட்ட' என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. போனின் போர்டிலேயே சுமார் 6க்கு 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிப் பற்றவைத்திருப்பார்கள். அதைக் கழற்ற முடியாது, மாற்ற முடியாது, கட்டில் இடுக்கில் விழவும் விழாது. "இ-சிம்ல சிம்மே கெடையாது" என்று சிலர் சொல்வது தவறு. சிம் இருக்கிறது. அது வெற்றுப் பலகை மாதிரி. எந்தக் கம்பெனியின் இம்சியையும் சாவியையும் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், அழிக்கலாம். அப்படி எழுதுகிற தொகுப்புக்கு 'புரொஃபைல்' என்று பெயர்.

கேட் பாஸ் கணக்கில் சொன்னால், முன்பு அட்டையில் அச்சடித்த பாஸைக் கையில் கொடுத்தார்கள். இப்போது அந்த ஆலையின் அலுவலகமே உங்கள் கையிலுள்ள கருவிக்குள் பாஸை எழுதிவிடுகிறது.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் திருட்டு பாஸ் எழுதிக்கொள்ளலாமே என்ற கேள்வி எழலாம். நல்ல கேள்வி. ஒவ்வொரு இ-சிம் சிப்புக்கும் முப்பத்திரண்டு இலக்கத்தில் இ.ஐ.டி. என்ற எண் உண்டு. தொழிற்சாலையிலேயே அதற்குள் ஒரு டிஜிட்டல் சான்றிதழும் வைத்து அனுப்புகிறார்கள். நாம் வாங்கும் கியூ.ஆர். படத்தில் புரொஃபைல் இருப்பதில்லை. அதை எந்தக் கம்ப்யூட்டரில் போய் வாங்க வேண்டும் என்ற முகவரியும், ஒரு டோக்கன் நம்பரும்தான் இருக்கின்றன. போன் அந்த முகவரிக்குப் போகும். அது உண்மையான சிப்தானா என்று கம்ப்யூட்டர் சோதிக்கும், கம்ப்யூட்டர் உண்மையானதா என்று சிப் சோதிக்கும். இருவருக்கும் திருப்தி ஆன பிறகு, அந்தச் சிப் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டுப் போட்டுப் புரொஃபைல் வந்து இறங்கும். இந்த ஏற்பாட்டை வகுத்தது ஜி.எஸ்.எம்.ஏ. என்ற உலகச் சங்கம். போன், கைக்கடிகாரம் போன்றவற்றுக்கான வரையறை 2016இல் வந்தது. 2017இல் கூகுளின் பிக்சல் 2, 2018இல் ஆப்பிளின் ஐபோன் எக்ஸ்.எஸ். என்று பரவி, 2022இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இல் சிம் போடும் ஓட்டையையே எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் ஜியோ, ஏர்டெல், வி ஆகியவற்றோடு 2025இல் பி.எஸ்.என்.எல்.லும் தமிழ்நாட்டில் இ-சிம் தரத் தொடங்கியது.

பயணிகளுக்கென்றே டேட்டா மட்டும் தரும் இ-சிம்கள் உண்டு. விற்பவர் எங்கோ ஒரு நாட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, மொத்தமாக டேட்டா வாங்கிச் சில்லறையாக விற்பார். பல ஆலைகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் பெரிய கான்ட்ராக்டர் மாதிரி. ஆனால் வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அது இல்லை என்று 2024 ஜனவரியில் ஏர்அலோ, ஹோலாஃப்ளை என்ற இரண்டு பெரிய செயலிகளை இந்தியாவுக்கான ஆப் கடைகளிலிருந்து நீக்கினார்கள். ஆகவே அனுமதி பெற்றவரா என்று கேட்டு வாங்குவது நல்லது. இந்தியக் கம்பெனியின் ரோமிங் பேக்கோடு விலையை ஒப்பிட்டும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு ரோமிங் பேக்கே தொல்லையில்லாத வழி என்பது என் கருத்து. மாதக்கணக்கில் வேலைக்குப் போகிறவருக்கு, முதல் வாரம் சமாளிக்கப் பயண இ-சிம், பிறகு உள்ளூர் சிம்.

நான் செய்த முட்டாள்தனம்

2025 செப்டம்பரில் மாமாவுக்கு மறுபடியும் அபுதாபி வேலை வந்தது. "இந்தத் தடவை எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன் மாமா" என்று பெருமையாகச் சொல்லி, என் உதவித்தொகைப் பணத்தில் ஒரு பயண இ-சிம் வாங்கினேன். கியூ.ஆர். வந்தது. மாமாவின் போனை எடுத்து செட்டிங்ஸில் தேடினேன். 'இ-சிம் சேர்' என்ற வரியே இல்லை. அந்தப் போனில் இ-சிம் சிப்பே கிடையாது! பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று வாங்கும் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. படித்தவள் நான்தான் படிக்கவில்லை.

வாங்குவதற்கு முன்னால் போனில் *#06# என்று அழுத்தியிருக்க வேண்டும். ஐ.எம்.இ.ஐ. எண்களோடு இ.ஐ.டி. என்றொரு வரி வந்தால் இ-சிம் உண்டு. விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது இல்லை. அம்மா திட்டவில்லை. "பரவால்ல, ஃபீஸுன்னு நெனச்சிக்கோ" என்றாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

பிறகு மாமாவும் நானும் பர்மா பஜார் போய் ஒரு பழைய போன் வாங்கினோம். நான் கடையிலேயே *#06# அழுத்திப் பார்த்தேன். கடைக்காரர் "இன்னாம்மா, போலீஸ் மாரி செக் பண்றே?" என்றார். செக் பண்ணத்தான் வேண்டும். ஒரே மாடல் போன், சீனாவுக்கென்று செய்த பீஸ் என்றால் இ-சிம் இல்லாமல் இரண்டு சாதா சிம்மோடு வந்திருக்கலாம். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அங்குள்ள கம்பெனிக்கே பூட்டியிருக்கலாம். வேறு சிம்மை ஏற்காது. இரண்டையும் பார்த்த பிறகே பணம் கொடுத்தோம். வாங்கி வைத்திருந்த பழைய கியூ.ஆர்.கூட வீணாகவில்லை, அதன் கெடு இன்னும் முடியாமல் இருந்தது!

இனி நாங்கள் செய்த ஏற்பாடு. இந்திய சிம்மைக் கழற்றவே இல்லை. அது சாதா சிம்மாகவே ஓட்டையில் இருந்தது. அதற்கு ரீசார்ஜ் செய்து, வெளிநாட்டு ரோமிங் வசதியை இங்கேயே ஆன் செய்தோம். மெசேஜ் வருவதற்குப் பெரும்பாலான கம்பெனிகள் காசு வாங்குவதில்லை. ஆகவே ஓ.டி.பி. வரும். ஆனால் கால் எடுத்தால் காசு. "தெரியாத நம்பர்னா எடுக்காதீங்க மாமா" என்று மூன்று முறை சொன்னேன்.

இந்திய நம்பரையே இ-சிம்மாக மாற்றிவிட்டால் தொலையவே தொலையாதே என்று என் தோழி கேட்டாள். நானும் யோசித்தேன். ஆனால் கேம்ப்பில் போன் கீழே விழுந்து உடைந்தால், சாதா சிம்மை எடுத்துப் பக்கத்துக் கட்டில்காரர் போனில் போட்டு ஓ.டி.பி. பார்த்துவிடலாம். இ-சிம் என்றால் உடைந்த போனோடு அதுவும் போயிற்று. மறுபடி வாங்க இந்தியக் கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டும். சாரத்தின் மேலே ஏறி வேலை செய்கிறவர் போன் எத்தனை நாள் உடையாமல் இருக்கும்?

பயண இ-சிம்மை வீட்டு வைஃபையில், அதாவது என் ஹாட்ஸ்பாட்டில், புறப்படும் முதல் நாளே இறக்கிவிட்டோம். புரொஃபைலை இறக்க நெட் வேண்டும். நெட் வாங்குவதற்காக இறக்கும் பொருளை அங்கே போய் நெட் இல்லாமல் இறக்க முடியாது. கியூ.ஆர். மாமா போனுக்கே வந்திருந்ததால், ஒரு போன் தன் திரையைத் தானே படம் பிடிக்க முடியாதே என்று, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டோம். சில திட்டங்களில் இறக்கியதுமே நாள் கணக்குத் தொடங்கும், சிலவற்றில் அந்த நாட்டு டவரில் சேர்ந்த பிறகுதான் தொடங்கும். எங்களுடையது இரண்டாவது வகை. நான் இந்தத் தடவை சின்ன எழுத்தைப் படித்திருந்தேன்.

கடைசியாக, எல்லோரும் இடறுகிற இடம். போனில் இரண்டு லைன் இருக்கும். 'மொபைல் டேட்டா' இ-சிம்முக்கு மாற்ற வேண்டும். இந்திய லைனில் டேட்டா ரோமிங் ஆஃப். ஆனால் இ-சிம் லைனில் டேட்டா ரோமிங் ஆன்! ஏனென்றால் பயண இ-சிம்மும் பெரும்பாலும் இன்னொரு நாட்டுக் கம்பெனியுடையது. அபுதாபியில் அதுவும் விருந்தாளிதான். வெளிநாட்டில் டேட்டா ரோமிங் போட்டால் சொத்து அழியும் என்று பயந்து இதையும் ஆஃப் செய்து வைத்துவிட்டு, "இ-சிம் வேலை செய்யல, ஏமாத்திட்டான்" என்பார்கள். டேட்டா மாற்றும் சுவிட்ச் என்று ஒன்று இருக்கும்; இ-சிம்மில் நெட் போனால் தானாக மற்ற லைனுக்குத் தாவும். அதையும் ஆஃப் செய்தேன். போட்டோக்கள் தானாக மேலே ஏறுவது, ஆப்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்வது எல்லாம் நிறுத்தினேன். என்ன செய்தாலும், புரொஃபைலை 'டெலிட்' மட்டும் செய்யக்கூடாது என்று மாமாவிடம் சொன்னேன். பல கியூ.ஆர்.கள் ஒருமுறைதான் வேலை செய்யும்.

அமீரகத்தில் இன்னொரு வேடிக்கை. வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், பேச மட்டும் முடியாது. இன்டர்நெட் வழிப் பேச்சுக்கு அங்கே அனுமதி பெற்ற செயலிகள்தான் ஓடும். போட்டிம் அப்படி ஒன்று. ஆனால் வேறு நாட்டுக் கம்பெனியின் ரோமிங்கில் இருக்கும்போது தகவல் அந்தந்த நாட்டுக்குப் போய் வெளியேறுவதால், சிலருக்கு வாட்ஸ்அப் கால் போவதும் உண்டு. மாமாவுக்கு முதல் வாரம் போனது. உள்ளூர் சிம் வாங்கியதும் நின்றது. "ரிப்பேரு ஆயிடுச்சு பாப்பா" என்றார். ரிப்பேர் இல்லை, வழி மாறிவிட்டது. இதற்காக வி.பி.என். போடச் சொல்லி கேம்ப்பில் யோசனை சொல்வார்கள். அதைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் அபராதம் ஐந்து லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. எங்கள் குடும்பம் போட்டிமோடு நிறுத்திக்கொண்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "உங்க சிம்மை இ-சிம்மா மாத்தித் தர்றோம், இந்த லிங்க்கை அமுக்குங்க" என்று யாராவது போன் செய்தால் உடனே வைத்துவிடுங்கள். அமுக்கினால் நம் நம்பர் அவன் போனில் ஏறிவிடும், நம் போனில் சிக்னல் செத்துவிடும், ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கு. 2025இல் மத்திய அரசின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமே இதைப் பற்றி எச்சரித்தது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று சிக்னல் மொத்தமாகப் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே கம்பெனி வேலை செய்கிறது என்றால், கம்பெனிக்கும் பேங்க்குக்கும் 1930க்கும் உடனே போன் போட வேண்டும்.

மாமா இரண்டாம் முறை போன அன்று இரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை. நம் நேரத்தைவிட அபுதாபி ஒன்றரை மணி நேரம் பின்னால். விமானம் இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் பயம்தான். டேட்டா ரோமிங்கை எந்த லைனில் ஆன் செய்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அக்கா குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

விடியற்காலை ஒரு மெசேஜ் விழுந்தது. எழுத்து இல்லை. விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி மாமா எடுத்த ஒரு போட்டோ. கீழே ஒரு குரல் பதிவு: "பாப்பா, வந்துட்டேன். கூட்டினு போற ஆளு நம்பரு எடுத்துட்டேன். பக்கத்துல திருநெல்வேலிக்காரர் ஒருத்தருக்கு நெட்டு வரலியாம், இன்னா பண்ணணும்னு சொல்லு."